புள்ளடி போட்டவன் தஞ்சம் கேட்டு எழுதுவது

பொயிண்ட் குக், மெல்பேர்ண்
2024 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை

அன்பும் அறிவும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த (பொறுமை இரண்டாம் பக்கத்தில் தேவைப்படும்) மச்சான் வாசுதேவனுக்கு, தேவராஜா எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம். உமது நலமும், மச்சாளின் முழங்கால் நலமும், லண்டன் ஹரோவில் உங்கள் வீட்டு முன் அறையின் நலமும் அறிய ஆவல். முன் அறையை ஏன் விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். இப்போதைக்கு அதை ஒருவருக்கும் வாடகைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனிதன் ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறான் என்று நீர் யோசிப்பீர். முதலாவது காரணம், 'குடும்ப ஒற்றுமை' குழுவிலிருந்து என்னை நீக்கி இன்றோடு நாற்பது நாள். நீக்கியவள் உமது தங்கை, என் மனைவி விமலாதேவி. யாரோ ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் படத்துக்குக் கீழே, பிரான்ஸில் பாராளுமன்றத்தைக் கலைத்தது பற்றி நான் பதினான்கு செய்திகள் போட்டேனாம். பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் போட்டேன், அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது, தொலைபேசியில் பேசலாம் என்றால் இந்த நாட்டு வீடுகளில் சுவர் கிடையாது. குசினி, சாப்பாட்டு மேசை, சோபா, தொலைக்காட்சி எல்லாம் ஒரே மண்டபம். நான் கராஜுக்குள் நின்று தும்மினாலும் குசினியிலிருந்து "மருந்து குடிச்சனீங்களோ?" என்று கேட்பாள். இப்போது நான் சொல்லப்போகும் விடயம் அவள் காதில் விழவே கூடாது. நீர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அரசியல் தெரிந்த ஒரே சொந்தக்காரன் நீர்தான், வேறு யாரிடம் போவேன்?

முதலில் நாட்டு நடப்பைப் பேசிவிடுவோம், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஜூலையில் உங்கள் நாட்டில் ஆட்சி மாறியபோது நானும் வெளிநாட்டு வாக்காளனாகப் பதிந்து தபால் சீட்டுக்குக் காத்திருந்தேன். அது தேர்தல் முடிந்து ஆறாம் நாள் வந்து சேர்ந்தது. வீணாக்கக் கூடாது என்று பெருக்கல் குறி போல ஒழுங்காகப் புள்ளடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். எட்டு வருடத்தில் ஆறாவது பிரதமர், மச்சான்! நான் லண்டனில் இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டினேன், ஒரு வழித்தடத்துக்குக்கூட இப்படிச் சாரதி மாறியதில்லை. அதிலும் ஒருவரை ஒரு பத்திரிகைக்காரன், பதவி முந்திப் போகுமா இலை முந்தி வாடுமா என்று, ஒரு சலாது இலைக் கட்டோடு போட்டிக்கு விட்டு, இலைக் கட்டு வென்றதே, அந்தக் கிழமை நான் இங்கே சலாது சாப்பிடவில்லை, மரியாதைக்காக. பிறகு நம்முடைய பழைய சண்டை. ஐரோப்பாவை விட்டு வெளியேறுவதா, இருப்பதா என்று கேட்டபோது "இருப்போம்" என்று புள்ளடி போட்ட நான் வெளியேறி, பூமியின் மற்றப் பக்கத்துக்கே வந்துவிட்டேன். "வெளியேறுவோம்" என்று போட்ட நீர் ஹரோவில் அதே வீட்டில், அதே கதிரையில் இருக்கிறீர். மக்கள் தீர்ப்பு என்பது இதுதான் போலும்.

புதன்கிழமை ஜேர்மனியில் மூன்று கட்சிக் கூட்டு உடைந்த செய்தியை நேற்றுக் காலை தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஓடிவந்து விமலாதேவியிடம் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமல் வெங்காயம் வெட்டிக்கொண்டு, "ஜேர்மனி உடையட்டும். இண்டைக்கு மஞ்சள் மூடியோ பச்சை மூடியோ வெளியில வைக்கிறது?" என்று கேட்டாள். இங்கே குப்பைத் தொட்டிகளுக்கு நிறநிறமாய் மூடி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிழமை. எனக்குப் பதில் தெரியவில்லை. ஜேர்மன் நிதியமைச்சர் எந்தக் கட்சி என்று தெரிந்தவனுக்கு இது தெரியாதது என் குற்றம்தான்.

இனி விடயத்துக்கு வருகிறேன். விமலாதேவி நகரசபைத் தேர்தலில் நிற்கிறாள்.

ஓம், உமது தங்கைதான். லண்டனில் ஆஸ்பத்திரி வார்ட்டில் ஒருவரையும் சத்தம் போட விடாத அதே விமலாதேவி. இங்கு வந்து சும்மா இருக்க முடியாமல், ஆரம்பப் பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் மேலங்கியும் 'நில்' பலகையுமாக ஐந்து வருடம் பிள்ளைகளை வீதி கடக்க விட்டாள் என்பது உமக்குத் தெரியும். எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் இந்த ஊர்க் கார்கள் எல்லாம் பெருந்தெருவுக்குப் போகிற ஒரே வாயிலை நோக்கி முட்டிக்கொண்டு போகும். அவளுடைய இடது கை உயர்ந்தால் எல்லாம் நிற்கும். போன வருடம் ஓய்வு பெற்றாள். மே மாதம் அதே இடத்தில் ஒரு சிறுமியின் சைக்கிளை ஒரு வாகனம் ஏறி நசித்தது. பிள்ளை அரை அடி தள்ளி நின்றதால் தப்பியது. விமலாதேவி அந்த நசிந்த சைக்கிளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்று சாப்பிடவில்லை. அந்த இடத்தில் ஒரு சமிக்ஞை விளக்கு வேண்டும் என்று நகரசபைக்கு ஏழு கடிதம் எழுதினாள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஏழு பதில் வந்தது. எட்டாவது கடிதத்துக்குப் பதிலாக வேட்புமனுப் படிவம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு இடம், ஐந்து வேட்பாளர். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாரும். நாற்பது வருடமாகப் பிறர் தேர்தல்களைப் பார்த்து விமர்சித்தவனின் சொந்தக் குசினிக்குள் ஒரு வேட்பாளர்! வேட்பாளர் அறிக்கையை நானே எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம். எண்ணூறு வருடங்களுக்கு முன் ஆங்கிலப் பிரபுக்கள் தம் மன்னனிடம் கையெழுத்து வாங்கியதில் தொடங்கி, வட கடல் மீன்பிடி உரிமை வழியாக நான்காம் பக்கத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தேன். அவள் வாசித்துவிட்டு, "மீன் எங்க இருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தானே ஆறு வரி எழுதி அனுப்பினாள். நான் ஐந்து வருடம் உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்தேன், அந்த வீதிக்கு விளக்கு வேண்டும், அவ்வளவுதான். அதில் அரசியலே இல்லை என்று நான் சொன்னதற்கு என் மகள் வினுஷா, "அப்பா, தட்ஸ் த பொயிண்ட்" என்றாள்.

சரி, எழுத்து வேண்டாம், களத்தில் இறங்குவோம் என்று பிரித்தானிய முறைப்படி வீடு வீடாகப் போனேன். கோட், சூட், மார்பில் ஒரு பெரிய ரிப்பன் பூ. உங்கள் நாட்டில் வேட்பாளர்கள் குத்திக்கொள்வார்களே, அது. விமலாதேவியின் பழைய சிவப்புச் சட்டைத் துணியில் நானே தைத்தேன். இங்கே அதை யாரும் கண்டதில்லை. ஒரு பெண்மணி என் பூவைப் பார்த்து, எந்த விவசாயக் கண்காட்சியில், எந்த மாட்டுக்குப் பரிசு கிடைத்தது என்று அன்போடு விசாரித்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இந்த ஊரில் கதவு தட்டினால் மனிதர் வருவதில்லை. அழைப்பு மணியில் ஒரு சின்னக் கமரா இருக்கிறது, அதற்கு முன்னால் நின்று பேச வேண்டும். ஒரு வீட்டில் அதைப் பார்த்து ஆறு நிமிடம் பேசினேன். உள்ளூராட்சியின் வீழ்ச்சியில் தொடங்கி, என்னை அறியாமலே பிரான்ஸுக்குப் போய்விட்டேன். முடித்ததும் மணிக்குள்ளிருந்து ஒரு இளைஞனின் குரல் வந்தது. தான் பாலித் தீவில் கடற்கரையில் இருப்பதாகவும், பேச்சு நன்றாக இருந்ததாகவும், போகும்போது வீதியில் நிற்கும் தன் குப்பைத் தொட்டிகளை உள்ளே தள்ளிவிட முடியுமா என்றும் கேட்டது. தள்ளிவிட்டேன். பின்னேரம் அந்த வீடியோ இந்த ஊரின் முகநூல் பக்கத்தில் வந்திருந்தது. "சிவப்புப் பூ குத்திய இந்தப் பெரியவருக்குப் பிரான்ஸோடு என்ன கோபம்?" என்று தலைப்பு. இருநூற்றுப் பதினேழு பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள்.

விமலாதேவி அதை முழுவதும் பார்த்தாள். சிரித்தாளா, அழுதாளா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. பிறகு வந்து, "இஞ்ச பாருங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். வாயைத் திறக்காமல் துண்டுப் பிரசுரம் மடியுங்கோ. அது காணும்" என்றாள். மூவாயிரம் பிரசுரம் மடித்தேன், மச்சான். மனம் கேட்கவில்லை. என்னுடைய அறிவை இந்தக் குடும்பத்தில் ஒருவரும் பயன்படுத்தவில்லையே என்ற ஆதங்கம்தான் என்னை மூத்தோர் சங்கத்துக்குக் கொண்டுபோனது.

செவ்வாய்தோறும் சமூக மண்டபத்தில் எங்கள் தமிழ் மூத்தோர் சங்கம் கூடும். பொரித்த ரோல்ஸ், பால் விடாத பிளேன் ரீ, கதிரையில் இருந்தபடியே செய்யும் யோகாசனம், பிறகு யாராவது ஒருவர் உரை. ஒக்டோபர் பதினைந்தாம் தேதி நீரிழிவுக்காரர் கால்களைப் பேணுவது எப்படி என்று பேச வேண்டியவர் வரவில்லை. மண்டபத்தில் முப்பத்து நான்கு பேர். எல்லோருடைய வீட்டுக்கும் அந்தக் கிழமைதான் வாக்குச் சீட்டு தபாலில் வந்திருந்தது, இங்கே நகரசபைக்குத் தபால் வாக்குத்தான். விமலாதேவிக்கே போடுவோம் என்று அவர்கள் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். எப்படிப் போடுவது என்று விளக்க ஒருவர் வேண்டாமா? நான் எழுந்து வெள்ளைப் பலகையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய புள்ளடி கீறினேன். "யாழ்ப்பாணத்தில் புள்ளடி, கோலாலம்பூரில் புள்ளடி, லண்டனில் புள்ளடி. விமலாதேவியின் பெயருக்கு நேரே ஒரே ஒரு புள்ளடி. வேறு எந்தப் பெட்டியிலும் பேனை படக் கூடாது" என்று முழங்கினேன். முப்பத்து நான்கு தலையும் ஆடியது. கைதட்டினார்கள். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்து முப்பது வருடமாய் இங்கே இருக்கும் மார்கரெட் அன்ரி, "ரொம்ப நல்லா பேசுனீங்க தம்பி, இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கோங்க" என்றார். அன்று நான் வீட்டுக்கு நடந்து வந்த நடையை நீர் பார்த்திருக்க வேண்டும். வந்ததும் என் சீட்டிலும் அப்படியே போட்டு, உறையை ஒட்டி, தபாற்பெட்டியில் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை வினுஷா இரவுச் சாப்பாட்டுக்கு வந்தாள். வாக்கு எண்ணும்போது தாயின் சார்பில் நின்று பார்க்க அவளைத்தான் போட்டிருக்கிறோம், அதற்கான விளக்கக் கூட்டத்துக்குப் போய் வந்திருந்தாள். புட்டைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அம்மா, எல்லாப் பெட்டிக்கும் நம்பர் போட வேணும். பிடிச்ச ஓர்டரில வன், டூ, த்ரீ எண்டு ஃபைவ் வரைக்கும். சும்மா குறோஸ் மட்டும் போட்டா செல்லாது, நேரா வேஸ்ட்." விமலாதேவி எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டபடி, "ஆர் அப்பிடி விசர் வேலை பாக்கப் போகினம்?" என்றாள். என் வாயில் இருந்த புட்டு அங்கேயே நின்றது.

குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, சீட்டோடு வந்த அறிவுறுத்தல் தாளை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். பெரிய எழுத்தில், தடித்த எழுத்தில், மேலேயே போட்டிருக்கிறார்கள். வாக்களிக்கத் தெரியாதவர்களுக்காக எழுதியது என்று நான் அதைப் படிக்கவே இல்லை. நான் இந்த நாட்டுக் குடிமகனாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, இங்கே இதுதான் என் முதல் வாக்கு. உங்கள் நாட்டு மேல்சபையில் பிரபுக்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முப்பத்து நான்கு பேரையும் தொலைபேசியில் அழைத்துத் திருத்தியிருக்கலாமே என்பீர். அழைத்தால் கால் மணித்தியாலத்தில் அது விமலாதேவியிடம் வந்துவிடும். ஆனபடியால் சனிக்கிழமை மெல்ல நடந்து மார்கரெட் அன்ரியின் கணவர் ஆரோக்கியசாமி அங்கிளின் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். "அங்கிள், சீட்டு அனுப்பிப்போட்டியளோ?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே போஸ்ட் பண்ணியாச்சு. எல்லாரும் ஒண்ணாத்தான் போனோம்."

"எப்பிடிப் போட்டனீங்கள்?"

அவர் குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவரின் பார்வை. "அது சீக்ரெட் பேலட் லா தம்பி. கேக்கவே கூடாது."

ஜனநாயகத்தைப் பற்றி நான் இத்தனை வருடம் பேசியதற்கு எனக்குக் கிடைத்த பரிசு இது.

இனி நிலைமையைக் கேளும். முதற் சுற்று எண்ணி முடிந்துவிட்டது. விமலாதேவி இரண்டாம் இடம். முன்னால் நிற்பவர் காணி விற்கும் ஒரு கனவான். வித்தியாசம் இருபத்தெட்டு வாக்கு. மூத்தோர் சங்கத்தில் முப்பத்து நான்கு பேர். நீர் கணக்கில் கெட்டிக்காரர், நான் சொல்லத் தேவையில்லை. இன்று பின்னேரம் மற்ற மூன்று வேட்பாளர்களின் சீட்டுகளில் இரண்டாவது மூன்றாவது விருப்பத்தைப் பார்த்துப் பிரித்துப் போடுவார்களாம், அதோடு முடிவு தெரிந்துவிடும். வினுஷா அங்கேதான் நிற்கிறாள். இங்கே விமலாதேவி சாப்பாட்டு மேசையில் இருந்து, தோற்றால் யார் யாருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது என்று பட்டியல் போடுகிறாள். என்னைப் பார்த்து, "நீங்கள் மடிச்ச மூவாயிரத்துக்கும் சேத்து உங்களுக்கும் ஒண்டு" என்று சிரித்தாள். மச்சான், எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அவள் தோற்றால் தாங்கிக்கொள்வாள், எதையும் தாங்குவாள். ஆனால் அந்த வீதியில் விளக்கு வராமல் போனதற்கு நான் காரணம் என்று ஆனால், பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் எந்த முகத்தோடு அந்தப் பக்கம் போவேன்? முப்பத்தாறு வருடத்தில் அவள் எனக்காகச் செய்தது எவ்வளவு. அவள் தனக்காகக் கேட்டது இந்த ஒன்றுதான், அதுவும் பிறத்தியார் பிள்ளைகளுக்காக.

ஆகவே உம்மிடம் முறைப்படி விண்ணப்பிக்கிறேன். எண்பத்தொன்பதில் நான் ஹீத்ரோவில் வந்து இறங்கித் தஞ்சம் கேட்டபோது என்னை அழைத்துப் போக வந்தவர் நீர். இப்போது அவுஸ்திரேலியாவிலிருந்து இரண்டாம் முறை கேட்கிறேன். இந்த முறை ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, நிரூபிக்கக் கஷ்டமில்லை. முன் அறை போதும், ஒரு கட்டில், தொலைக்காட்சியில் பாராளுமன்ற அலைவரிசை. மச்சாளின் சமையலைப் பற்றி நான் முன்பு சொன்ன எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன். கடிதம் உம்மிடம் வர இரண்டு கிழமை ஆகும் என்று தெரியும். இருந்தாலும் நான் முதலில் விண்ணப்பித்ததற்குப் பதிவு இருக்கட்டும்.

உமது இரத்த அழுத்தம் குறையவும், உங்கள் அரசாங்கம் ஒரு வருடமாவது தாக்குப்பிடிக்கவும், மச்சாளுக்கு முழங்கால் சத்திர சிகிச்சைக்குச் சீக்கிரம் முறை வரவும் மேய்ஸ் ஹில் முருகனை வேண்டுகிறேன். சிட்னிக்குப் போனபோது அவரிடம் ஒரு முறை நேரில் பேசியிருக்கிறேன், பழக்கம் உண்டு.

இங்ஙனம்,
இருபத்தெட்டு வாக்கு வித்தியாசத்தில் தவிக்கும் மச்சான்,
தேவராஜா

பி.கு.: உறையில் நாக்கு வைக்கும்போது வினுஷா தொலைபேசியில் கத்தினாள். மச்சான், வென்றுவிட்டாள்! பத்தொன்பது வாக்கு வித்தியாசம்! உமது தங்கை இப்போது நகரசபை உறுப்பினர். நான் அழுகிறேன், எழுத்து கலங்கியிருந்தால் மன்னிக்கவும். செல்லாத சீட்டுகளை வினுஷா ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள். வெற்றுச் சீட்டுகள் இருந்தனவாம், எல்லாப் பெயரையும் வெட்டிவிட்ட சீட்டு சில இருந்தனவாம், கங்காரு கீறிய சீட்டுக்கூட ஒன்று. ஆனால் விமலாதேவியின் பெயருக்கு நேரே புள்ளடி மட்டும் போட்ட சீட்டு வட்டாரம் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதானாம். முப்பத்து நான்கு பேரும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டிருக்கிறார்கள். முன் அறை வேண்டாம். கடிதத்தைக் கிழித்துவிடும். இல்லை, நான் அனுப்பவே போவதில்லை.

பி.கு. 2: அண்ணா, விமலா எழுதுறன். இவர் துள்ளிக் குதிச்சுக்கொண்டு வெளியில ஓடேக்க கடிதத்தை மேசையில விட்டிட்டுப் போட்டார், நான் முழுக்க வாசிச்சிட்டன். மார்கரெட் அன்ரி அண்டைக்கே போன் பண்ணிச் சொன்னவ. "முப்பது வருஷமா இங்க ஓட்டுப் போடுறோம், எங்களுக்குத் தெரியாதா? அவரு சந்தோஷமா பேசிட்டிருந்தாரு, ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டோம்" எண்டு. இவர் மூண்டு கிழமையாய் விடியக்காலமை எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தவர், உடுப்புக்கு அயன் பிடிச்சவர், எந்தக் கிழமை எந்த மூடி எண்டு பாடமாக்கினவர். என்னத்துக்கு எண்டு எனக்குத் தெரியும், ஆனால் நிப்பாட்டச் சொல்ல மனம் வரேல்லை. நீங்கள் இவருக்கு அறை கிறை ஒண்டும் குடுக்காதேங்கோ. முதற் கூட்டத்துக்குப் போக எனக்குப் பயமாயிருக்கு அண்ணா, நான் பேசேக்க பின்வரிசையில இருந்து தலையாட்ட எனக்கு இவர்தான் வேணும். பிரான்ஸைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது எண்டு சத்தியம் வாங்கியிருக்கிறன்.